ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்

இங்கிலாந்தின் தென்பகுதியில், சர்ரே என்னும் மாவட்டத்தில் பிஸ்லி என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் கோடைப் பருவத்தில் பல நாடுகளிலிருந்தும் குறிசுடும் வல்லுநர்கள் அங்கே வந்து கூடுகின்றனர். அங்கு நடைபெறும் போட்டிகளுள் ஒன்றுக்குக் 'கோலாப்பூர்க் கிண்ணம்' என்று பெயர். மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர்க்குக் கோலாப்பூர் புதிய ஊர் அன்று. மகாலட்சுமி கோயிலாலும், மல்லர்களாலும், தோல் செருப்பாலும் புகழ்பெற்ற அதே மராட்டிய நகரத்தின் பெயர்தான் அந்த ஆங்கிலக் கிண்ணத்துக்கும் அமைந்திருக்கிறது. அதற்கான முதற் போட்டி 1871-ஆம் ஆண்டில் நடைபெற்றது.

இந்தியச் சிற்றரசர் ஒருவர் தந்த கிண்ணத்தை வெல்வதற்கு அந்நாளில் சுடும் வரிசையில் படுத்தவர்கள் யார்? அதே காலத்தில் இந்தியப் படைவீரன் கையில் கொடுக்கப்பட்டிருந்த துப்பாக்கி எத்தகையது? இவ்விரு வினாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றும் ஒன்று நம் நாட்டு வரலாற்றின் ஓர் ஏடாக மாறிவிடுகிறது. அந்த ஏட்டைச் சற்றே புரட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பழக்கம் விடுவதில்லை. துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மொழியில் பிறந்து, பல நாடுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. ரைபிள் என்னும் ஆங்கிலச் சொல்லோ, குழலின் உட்புறத்தில் வெட்டப்படும் சுரிவரிகளைக் குறித்து எழுந்தது. வலம்புரிச் சங்கின் உள்ளே புரி சுற்றிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே ரைபிளின் குழலுக்குள்ளும் புரிகள் சுற்றிச் செல்கின்றன. குண்டு வெளிவரும்போது அப்புரிகளைப் பற்றிக்கொண்டு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்லும். வழவழப்பான குழலுடைய பழைய துப்பாக்கியில் இந்தச் சுழற்சி இல்லை. நூறு கெஜத்துக்கு அப்பால் அது எங்கே அடிக்கும் என்பதைச் சுடுகிறவனாலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

புரியுடைய குழலின் நன்மையை வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். ஆனால் படைகளுக்கு அது பயன்படவில்லை. வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் காலம் அது. புரிகளைக் கவ்வும் அளவுக்குப் பெரிய குண்டைக் குழலுக்குள் இறக்க வேண்டுமானால், கம்பியால் வலிந்து இடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி வந்துவிடுவான். 1849-ஆம் ஆண்டளவில் மினியே என்னும் பிரெஞ்சுப் படைத் தலைவர் இதற்கு ஒரு வழி கண்டார். அடிப்புறம் குழிந்த, கூம்பு வடிவான ஈயக் குண்டை அவர் வகுத்தார். அது குழலினும் சற்றே சிறியதாகையால் எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடித்தவுடன் அதன் அடிப்புறம் விரிந்து புரிகளைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவியே பிரிட்டிஷ் அரசாங்கம் 1853-ஆம் ஆண்டில் என்பீல்டு ரைபிளை உருவாக்கியது. அதே ஆண்டில் ஹைத் என்னும் கடற்கரை ஊரில் குறிசுடும் பயிற்சிப் பள்ளி ஒன்றும் தொடங்கப்பெற்றது.

என்பீல்டு ரைபிளின் குழல் மேல் மடக்கி நிமிர்த்தக்கூடிய சிறு ஏணி போன்ற உறுப்பு ஒன்று இருந்தது. அதை நாம் குறியேணி என்று அழைக்கலாம். அதன் படிகளில் 900 கெஜம் வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன. இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணித்து, அதற்குரிய படியில் சிறு தகட்டை நிறுத்தி, அதன் வழியே நோக்கிச் சுட வேண்டும். தொலைவு கூடக் கூடத் தகடு மேலே ஏறும்; அதற்கேற்பக் குழலின் வாயும் வானை நோக்கி உயரும்.

இவ்வாறு குழலை உயர்த்துவது எதற்காக? குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்டு வெளிவந்த கணம் முதல் அது மண்ணை நோக்கி விழத் தொடங்கிவிடுகிறது. இக்காலத்து விரைவான ரைபிளிலிருந்து புறப்படும் குண்டுகூட ஆயிரம் கெஜம் செல்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஏறத்தாழ முப்பது அடி இறங்கிவிடுகிறது. காற்றோ இதனினும் பெரிய பகைவன். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் தென்றல், அந்தக் குண்டை ஏழெட்டு அடி ஒதுக்கித் தள்ளிவிடும். சுடுமிடத்தில் ஒரு காற்றும், நடுவழியில் மற்றொரு காற்றும், இலக்கின் அருகே வேறொரு காற்றும் வீசக்கூடும். ஆகவே நெடுந்தொலைவுக் குறிசுடுவோர் கொடிகள் பறக்கும் கோணத்தைப் பார்க்கிறார்கள். புல்லின் அசைவைப் பார்க்கிறார்கள். வெயிலில் நிலத்திலிருந்து எழும் கானலின் ஓட்டத்தைத் தொலைநோக்கி வழியே பார்க்கிறார்கள். பிறகு இலக்கை விட்டுச் சற்று விலகியே நோக்கிச் சுடுகிறார்கள். தோள்வலிமையினும் கணக்கும் பொறுமையுமே இக்கலைக்கு முதல். ஒரு மனிதன் ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் ஒன்றைத் தொட வேண்டுமானால், நல்ல கருவி அவன் கையில் இருக்க வேண்டும். நல்ல பயிற்சி கிடைக்க வேண்டும். இவ்விரண்டையும் அவனிடம் ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கையும் பிறருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம் நாட்டின் கதை தொடங்குகிறது.

1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்பீல்டு ரைபிளைச் சிப்பாய்களுக்குப் பழக்குவதற்காக மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று கொல்கத்தாவை அடுத்த தம்தம், மற்றொன்று அம்பாலா, மூன்றாவது, இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட். அந்த ரைபிளின் தோட்டா, மருந்தும் குண்டும் பொதிந்த ஒரு காகிதச் சுருள். குழலுக்குள் எளிதில் இறங்குவதற்காக அதன்மேல் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்தே பயன்படுத்த வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற பேச்சு தம்தம்மிலிருந்து எழுந்து பாசறை தோறும் பரவியது. அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அந்தப் பெருங்கிளர்ச்சிக்கு நில வரி, நாடு பறிப்பு, அவமதிப்பு எனக் காரணங்கள் பல இருந்தன. தோட்டா அவற்றுக்குத் தீப்பொறியாயிற்று. அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டதோ, அந்தத் துப்பாக்கியே நெடுந்தொலைவுக் குறிசுடுதலைப் பொதுமக்களிடையே பரப்பிய கருவியுமாகும் என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

கிளர்ச்சி அடக்கப்பட்டது. கம்பெனியின் ஆட்சி போய் 1858-இல் பிரிட்டிஷ் முடியின் ஆட்சி வந்தது. புதிய ஆட்சியாளர் இந்தியப் படைவீரரை விட்டுவிட முடியவில்லை. அவர்களை முழுதும் நம்பவும் மனமில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி, படைக்கலச் சாலையில் நிறைவேறியது. என்பீல்டு ரைபிளின் குழலைக் குடைந்து, உள்ளிருந்த புரிகளை நீக்கி வழவழப்பாக்கினார்கள். மேலிருந்த குறியேணியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அசையாத ஒரு சிறு கட்டையைப் பொருத்தினார்கள். வெளித்தோற்றத்தில் அது என்பீல்டே. பிடியும் கட்டையும் குழலும் முன்போலவே இருந்தன. ஆயினும் அது நூறு கெஜத்துத் துப்பாக்கியாகச் சுருங்கிவிட்டது. இந்தியப் படைக்கென்றே வகுக்கப்பட்ட மாதிரி இது. சிப்பாய் சுடலாம், ஆனால் தொலைவைச் சுடலாகாது என்பதே அதன் பொருள். பின்னாளில் அவனுக்கும் ரைபிள் வழங்கப்பட்டது. அப்பொழுதும் ஆங்கிலப் படைவீரன் புதியதைப் பெற்ற பிறகே பழையது இவன் கைக்கு வந்தது. கருவியின் வரிசையில் அவன் எப்பொழுதும் ஒரு தலைமுறை பின்னாகவே நிறுத்தப்பட்டான்.

இங்கே குறியேணி இறக்கப்பட்ட அதே நாட்களில், இங்கிலாந்தில் அதை ஏந்தும்படி குடிமக்கள் அழைக்கப்பட்டார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கால்வாயைக் கடந்து படையெடுத்து வருவார் என்ற அச்சம் 1859-இல் இங்கிலாந்தை ஆட்டியது. அரசாங்கம் தொண்டர் படைக்கு அழைப்பு விடுத்தது. வழக்கறிஞரும், கடைக்காரரும், எழுத்தரும், தொழிலாளரும் மாலை வேளைகளில் அணிவகுத்து நின்றனர். அவர்களுக்குக் குறிசுடும் பழக்கத்தை ஊட்டுவதற்காகத் தேசிய ரைபிள் சங்கம் அதே 1859-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வில்வித்தை முற்கால ஆங்கிலேயருக்கு எப்படியோ, அப்படியே ரைபிள் இக்கால ஆங்கிலேயருக்கு ஆக வேண்டும் என்பது அச்சங்கத்தாரின் ஆவல்.

1860-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டன் பொதுநிலத்தில் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. முதற் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசியார். இரும்புத் தாங்கி ஒன்றின்மேல் ரைபிள் அசையாதபடி பொருத்தப்பட்டு, முன்கூட்டியே குறி சரிசெய்யப்பட்டிருந்தது. அரசியார் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கில், நடுமையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது. அரசியாரின் பெயரால் 250 பவுன் பரிசும் அறிவிக்கப்பட்டது. அதன் முதற் சுற்று 300, 500, 600 கெஜங்களில் நடந்தது. இறுதிச் சுற்று 800, 900, 1000 கெஜங்களில் நடந்தது. எட்வர்டு ராஸ் என்னும் இளைஞர் அம்முதற் பரிசைப் பெற்றார்.

அரசியார் சுட்ட ரைபிள் ஜோசப் விட்வொர்த் என்பவர் செய்தது. அவர் படைவீரர் அல்லர். மான்செஸ்டர் நகரத்து இயந்திரப் பொறியாளர். திருகாணிகளின் மரைகள் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டுக் கிடந்த காலத்தில், 1841-இல் அவற்றுக்கு ஒரே அளவை வகுத்தவர் அவரே. ரைபிள் செய்முறையை ஆராயும்படி அரசாங்கம் கேட்டபோது, அவர் தம் வீட்டு நிலத்தில் 500 கெஜ நீளத்துக்குக் காற்றுப் புகாத கூடம் ஒன்றை எழுப்பி, அதற்குள் சுட்டுச் சுட்டு அளந்து பார்த்தார். வட்டக் குழலுக்குப் பதிலாக அறுகோணக் குழலை அவர் அமைத்தார். 1857-இல், இந்தியாவில் தோட்டாவின் பேரால் தீ மூண்ட அதே ஆண்டில், ஹைத் பள்ளியில் இவருடைய ரைபிளும் என்பீல்டும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. 1400 கெஜத்தில் என்பீல்டு இலக்கைத் தொடவே இல்லை. விட்வொர்த்தின் ரைபிள் தொட்டது. எனினும் விலை மிகுதி, குழலில் கரி படியும் குறை ஆகியவற்றால் படை அதை ஏற்கவில்லை. குறிசுடும் களமே அதற்குப் புகலிடம் ஆயிற்று. இவ்வாறு போருக்கென்று பிறந்த கருவி, அளவையின் நுட்பத்தைச் சோதிக்கும் கருவியாக மாறத் தொடங்கியது.

களம் விரிந்தது. எல்கோ பிரபு தந்த கேடயத்துக்காக 1862 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. 1865-இல் அயர்லாந்தும் சேர்ந்தது. 1873-இல் அயர்லாந்து அக்கேடயத்தை முதன்முறையாக வென்றது. வென்ற மகிழ்ச்சியில் அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தது. அமெரிக்காவில் ரைபிள் சங்கம் தோன்றியதே 1871-இல்தான். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், கிரீட் என்பாரின் பண்ணை நிலத்தை வாங்கி, கிரீட்மூர் என்று பெயரிட்டு, 1873-இல்தான் சுடுகளம் திறந்திருந்தார்கள். அனுபவம் இல்லாத அவர்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் நடைபெற்ற அப்போட்டியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அணிக்கு அறுவர், 800, 900, 1000 கெஜங்களில் ஒவ்வொருவருக்கும் பதினைந்து பதினைந்து குண்டுகள், நடுக்குறிக்கு நான்கு புள்ளி. அயர்லாந்தினர் டப்ளின் நகரத்து ரிக்பியின் கைவண்ணமான, வாய்வழி கெட்டிக்கும் ரைபிள்களை ஏந்தினர். அமெரிக்கர் ரெமிங்டன், ஷார்ப்ஸ் தொழிற்சாலைகளின், பின்புறமாகத் தோட்டா இடும் புதிய ரைபிள்களை ஏந்தினர். சிலர் குப்புறப் படுத்தனர். சிலர் மல்லாந்து படுத்துத் தம் கால்களின்மேல் குழலைத் தாங்கிச் சுட்டனர். அவர்களுடைய ரைபிள்களின் முன்முனையில் கொத்தனார் வைத்திருப்பது போன்ற சிறு ரசமட்டம்கூட இருந்தது. துப்பாக்கி இம்மியளவு சாய்ந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அயர்லாந்து அணியில் மில்னர் என்பவர் சுட்ட குண்டு ஒன்று நடுக்குறியிலேயே பாய்ந்தது. ஆனால் அது அவருக்குரிய பலகையன்று, பக்கத்துப் பலகை. விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை. அயர்லாந்து 931 புள்ளிகளோடு முடித்தது. அமெரிக்கா 930 புள்ளிகளோடு, ஒரே ஒரு குண்டு எஞ்சி நின்றது. அதைச் சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். சற்று முன்னரே அவர் கையில் பிடித்திருந்த இஞ்சிப் பான பாட்டில் உடைந்து கையை அறுத்திருந்தது. குருதி வடியும் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு அவர் படுத்தார், சுட்டார். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இரும்புப் பலகையில் நடுக்குறி ஒலித்தது. அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

மில்னரின் அந்த ஒரு குண்டு உரிய பலகையில் பட்டிருந்தால் அயர்லாந்துக்கு 935 கிடைத்திருக்கும், வெற்றியும் கிடைத்திருக்கும். மறுநாள் செய்தித்தாள்கள் போடைனின் கையைப் பாடின. நமக்கோ மில்னரின் குண்டே மிகுதியும் பேசுவதாகத் தோன்றுகிறது. எவ்வளவு செம்மையாகச் சுட்டாலும், தனக்குரிய இலக்கு எதுவென்று அறியாதவனுக்குப் பயன் இல்லை. அந்த அறம் எல்லாருக்கும் ஒன்றுபோல் விதிக்கப்பட்டிருந்தது என்பதும் நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த அயர்லாந்தினர், அக்களத்தில் தம் நாட்டின் பெயராலேயே நின்று, தோற்றாலும் மதிப்போடு திரும்பினார்கள்.

அந்த மதிப்பு இந்தியருக்கு எட்டாமல் இருந்தது. இனி நாம் கோலாப்பூருக்குத் திரும்புவோம். அந்நாட்டு அரசர் இரண்டாம் ராஜாராம் 1870-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குப் பயணமானார். அப்போது அவருக்கு வயது இருபது. ஆங்கிலம் கற்றவர், கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். திரும்பும் வழியில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் நோயுற்று, அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் காலமானார். நகரத்தாரின் இசைவோடு, ஆர்னோ ஆற்றங்கரையில் இந்து முறைப்படி அவருடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் 1874-இல் எழுப்பப்பட்ட நினைவு மண்டபத்தை இன்றும் காணலாம். பின்னாளில் அருகே அமைந்த பாலத்துக்கும் 'இந்தியர் பாலம்' என்றே பெயர். அவர் பெயரால் அமைந்த கிண்ணத்துக்கே அவர் மறைந்த மறு ஆண்டு விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது. தாய்நாட்டு அணியோடு கனடா முதலிய குடியேற்ற நாடுகளின் அணிகளும் மோதுவதற்கென்று அமைந்த கிண்ணம் அது. அந்நாடுகளின் தொண்டர்கள் கடல் கடந்து வந்து அதற்காகப் போட்டியிட்டனர்.

இந்தியாவிலும் தொண்டர் படைகள் இருந்தன. ஆனால் அவை ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கே உரியவை. கிண்ணம் நம்முடையது, வரிசை அவர்களுடையது. 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் படைக்கலச் சட்டம் வந்து, வேற்றுமையை எழுத்தாலேயே உறுதி செய்தது. இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு. வேட்டைக்கோ விளையாட்டுக்கோ ஒருவன் ரைபிளைத் தொடுவதும் அவன் பிறப்பைப் பொறுத்ததாயிற்று.

இந்த அவமதிப்பை நம் முன்னோர் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1887-ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் மூன்றாவது மாநாடு பத்ருத்தீன் தியாப்ஜி அவர்களின் தலைமையில் சென்னையில் கூடியபோது, படைக்கலச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. அகிம்சையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்ட காந்தியடிகளே, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் படைக்கலம் இழக்கச் செய்த அச்சட்டத்தைத் தம் வரலாற்று நூலில் கடுமையாகச் சாடியிருக்கிறார். முரண் போலத் தோன்றினும் இது முரண் அன்று. படைக்கலத்தைத் தானே வேண்டாமென்று வைப்பது ஒருவனுடைய அறம். உன்னை நம்ப முடியாது என்று பிறர் பறிப்பது அவனுக்கு இழிவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஆயிரம் கெஜத்தினும் பெரிது.

விம்பிள்டனைச் சுற்றி வீடுகள் பெருகவே, சங்கம் 1890-இல் பிஸ்லிக்கு இடம் மாறியது. அங்கும் காலம் சில கதவுகளைத் திறந்தது. 1930-ஆம் ஆண்டில் மார்ஜரி பாஸ்டர் என்னும் பெண்மணி, கோழிப்பண்ணை நடத்தி வந்தவர், நூற்றுக்கணக்கான ஆடவருக்கிடையே அரசர் பரிசை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றார். அப்பரிசை வென்ற முதற் பெண் அவரே. ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலிருக்கும் பலகைக்குச் சுடுகிறவர் ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பரா என்று தெரியாது. தெரிந்துகொண்டு தடுத்தவர்கள் சுடும் வரிசைக்கு இப்பால் இருந்த மனிதர்களே.

விடுதலைக்குப் பின் நம் நாட்டில் இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-ஆம் ஆண்டில் தோன்றியது. அதை நிறுவி வழிநடத்தியவர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கர். அகமதாபாத்தில் வழக்கறிஞராக இருந்து, காந்தியடிகளின் இயக்கத்தில் சிறை சென்று, பின்னர் நம் மக்களவையின் முதற் சபாநாயகராக விளங்கிய அதே பெருந்தகை. சத்தியாக்கிரகி ஒருவர் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவரானது வியப்பன்று. குடிமகன் கையில் நாடு நம்பி ஒப்படைக்கும் பொறுப்பு அது என்பதை உணர்ந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 1959-ஆம் ஆண்டின் புதிய படைக்கலச் சட்டம் வந்தது. உரிமம் இன்றும் வேண்டும், அது வேண்டியதே. ஆனால் பிறப்பைப் பார்த்து விலக்களிக்கும் பழைய வேற்றுமை ஒழிந்தது.

2010-ஆம் ஆண்டில் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, விம்பிள்டனில் பிறந்த அந்த அரசியார் பரிசுப் போட்டியே இந்திய மண்ணுக்கு வந்தது. குருகிராமத்தை அடுத்த காதர்பூரில், மத்திய சேமக் காவல் படையின் சுடுகளத்தில் அது நடைபெற்றது. அதில் தனிநபர் தங்கத்தை வென்றவர் இங்கிலாந்து அணியைச் சேர்ந்தவர். அவர் பெயரோ பராக் பட்டேல். வரிசை யாருடையது என்ற பழைய வினாவை வரலாறு எவ்வளவு தூரம் புரட்டிப் போட்டுவிட்டது என்பதற்கு இப்பெயர் ஒன்றே போதும்.

ஆயிரம் கெஜப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை. அங்கே ரைபிள் போட்டிகள் 50 மீட்டரிலும் 10 மீட்டரிலும் நடைபெறுகின்றன. தொலைவு குறைந்ததற்கு ஏற்ப நடுக்குறியும் குறுகிவிட்டது. 10 மீட்டர்ப் பலகையில் அது அரை மில்லிமீட்டர்ப் புள்ளிதான். காற்றின் கணக்கு குறைந்தாலும், மூச்சை அடக்கி விசையை அழுத்தும் ஒழுக்கம் ஒன்றே. 2008-இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்திரா தங்கம் வென்றது 10 மீட்டரில். கடலூரில் பிறந்து, பெற்றோரோடு குஜராத்துக்குச் சென்று, மாவலங்கரின் அகமதாபாத்திலேயே வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ நகரத்து உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் அதே 10 மீட்டரில்தான். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்க்கு இச்செய்தி சற்றுக் கூடுதலாகவே இனிக்கும்.

கோலாப்பூர் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். 2010-ஆம் ஆண்டில் மியூனிக் நகரில், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் உலக வீராங்கனையாக வாகை சூடிய தேஜஸ்வினி சாவந்த் கோலாப்பூர் நகரத்தவர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் காம்பல்வாடி என்னும் சிற்றூரில் பிறந்தவர்; மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். அப்போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மண்டியிட்டு, படுத்து, நின்று எனச் சுட்ட அவருடைய ரைபிளில் புரியும் இருந்தது. நுட்பமாக நகர்த்தத்தக்க குறியமைப்பும் இருந்தது.

1858-இல் இந்திய வீரன் துப்பாக்கியிலிருந்து எடுக்கப்பட்டது கைப்பிடியளவு இரும்புதான். ஆனால் அதனோடு எடுக்கப்பட்டது தொலைவை நோக்கும் உரிமை. கிண்ணம் ஒன்றைக் கொடுத்தும் சுடும் வரிசையில் இடம் பெறாத ஊர், அவ்விடத்தைத் தன் மக்களின் உழைப்பால் அடைந்து காட்டியிருக்கிறது. பிஸ்லியின் களத்தில் கோலாப்பூர்க் கிண்ணத்துக்காக யாரேனும் படுத்து, காற்றைக் கணித்து, மூச்சை அடக்கும் வேளையில், அந்தப் பெயர் ஒரு காலத்தில் எதை இழந்த நாட்டின் பெயராக இருந்தது என்பதை நாமேனும் நினைவில் வைத்திருப்போம்.